கடல் பார்த்த அறையும் அந்நியர் விதியும்

விடுமுறைக்குப் போகிறவர்களும், போக ஆசைப்படுகிறவர்களும், போய் ஏமாந்து திரும்பியவர்களும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. கடற்கரையை ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய விடுதியில், உரிமையாளரிடமிருந்து அறையை வார வாடகைக்கு எடுக்கும் எந்த மனிதரும் இனி எக்காலத்திலும் ஏமாற்றப்பட மாட்டார். ஏமாற்று நுழையக்கூடிய வாசல்கள் அனைத்தும் நிபுணர்களால் கண்டுபிடிக்கப்பட்டு இழுத்து மூடப்பட்டுவிட்டன. அப்படி மூடப்பட்ட வாசல்களில் அறையின் வாசலும் ஒன்று என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இந்தப் பிரகடனம் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டு விடுதியின் வரவேற்புக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. அடியில் மேலாளரின் கையெழுத்து. கையெழுத்து மட்டும் ஒரு முழம் இருக்கும்.

பிரகடனத்தின் முழுப் பயனையும் முதன்முதலில் அடையப்பெற்றவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் இருட்டில் தொங்கிக்கொண்டு கிரீஸும் தூசியுமாக வேலை பார்ப்பவர். கயிற்றைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து முடிக்கும்வரை ஒருத்தரையும் ஏற விடமாட்டார். கீழே கட்டடத்தின் சொந்தக்காரரே நின்று கத்தினாலும், "கத்துங்க சார், நான் பாத்து முடிச்சிடறேன்" என்பார். சோதனை என்று யாராவது சொன்னால் அவருக்கு மரியாதை தானாக வந்துவிடும். அவருடைய கஷ்டத்துக்கெல்லாம் அந்த மரியாதைதான் காரணம்.

அவருடைய அப்பா கீழே விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கையில் இருந்தார். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, துப்பினால் மறுபடி ஊட்டுவது எல்லாம் மனைவியின் வேலை. அவள் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, கையில் சோப்போடு அவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். குழாயை மூடினார்.

தங்கைக்குப் போன் போட்டார்.

"ஒரே ஒரு வாரம்ண்ணே. அப்பாவ எங்க வீட்டுல வெச்சு நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல போச்சுன்னா எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கி வெச்சிப்பார். அடுத்த தடவை கேட்டா நானே போனை எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் தங்கை.

"எங்க போகலாம், சொல்லு" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஊரெல்லாம் சுத்த வேணாங்க. கடலைப் பாத்தாப்ல ஒரு நாற்காலி இருந்தா போதும். அதுல நான் உக்காந்திருக்கணும். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"நான்?"

"நீங்களும்தான்."

அந்த நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்தபடி பேச்சுக் கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா, இப்பத் திறந்துடும்."

"நான் எதுக்குப்பா பயப்படணும்? வாழ்க்கை முழுக்க லைப்ரரில உக்காந்தவ. இதைவிட அமைதியான எடத்துல இருந்து பழகியாச்சு. ஒரு ஸ்டூல் இருந்திருக்கலாம். இடது முட்டி உசிர வாங்குது."

"பேசிட்டே இருங்கம்மா, வலி தெரியாது."

லைப்ரரியம்மா பேசினார். கடலோரத்தில் தனக்கு ஒரு அறை இருப்பதாகச் சொன்னார். வருஷத்தில் ஒரு வாரம் மட்டும் அது அவருடையது. மற்ற வாரங்கள் யார் யாருக்கோ சொந்தம்.

"டைம்ஷேர்னு பேரு தம்பி. ஓட்டல்ல கூப்பிட்டு வெச்சு விருந்து போட்டு வித்தானுங்க. வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் அழுவறேன். ஒரு தடவைகூடப் போனதில்ல. கடல் காத்து எனக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்காதுன்னா ஏம்மா வாங்கினீங்க?"

"ஐஸ்கிரீம் வர்றதுக்கு முன்னாடி கையெழுத்துக் கேட்டுட்டான்."

அவருடைய வாரமும் தங்கை கொடுத்த வாரமும் ஒன்றாகவே இருந்தன. கதவு திறப்பதற்குள் வாடகை பேசி முடிந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் லைப்ரரியம்மாவின் ரசீதை வாங்கிக்கொண்டு பேசாமல் போய் இறங்கியிருப்பார்கள். லிஃப்ட்காரரிடம் அவருடைய சூப்பர்வைசர், "உரிமையாளர்னு சொல்லிட்டு ஒரே வாரத்தை ஊருக்கே வாடகைக்கு விடறவன்லாம் இருக்கான்யா, விடுதியக் கேட்டு உறுதி பண்ணிக்கோ" என்று சொல்லிவைத்தார். லிஃப்ட்காரர் கேட்டார். கேட்டதோடு முடிந்தது கதை.

போனில் நெடுநேரம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு ஒரு குரல் வந்தது.

"பாதுகாப்பான வாடகைப் பிரிவு."

"சார், இந்த வாரம் அந்த அம்மாவோடதுதானான்னு தெரிஞ்சிக்கணும்."

"ரொம்ப நல்ல கேள்வி. இப்படிக் கேக்கற விருந்தினரைத்தான் நாங்க எதிர்பாக்கறோம். பதில் சொல்ல முடியாது."

"ஏன் சார்?"

"அது உரிமையாளரோட அந்தரங்கம். நீங்க யாரோ ஒருத்தர்."

"அப்போ அந்த அம்மாவையே கேக்கச் சொல்றேன்."

"தாராளமா. ஆனா அவங்கதான் அவங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நேர்ல வரணும். நீங்க வர்ற அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. வாடகையை மட்டும் முன்கூட்டியே எங்க பாதுகாப்புக் கணக்குல கட்டிடுங்க."

"அது பத்திரமா இருக்குமா சார்?"

"அந்தக் கவலையே வேணாம். நீங்களே நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது."

லிஃப்ட்காரர் போனை வைத்த கையோடு வாடகையைக் கட்டிவிட்டு, "எவ்வளவு ஜாக்கிரதையா இருக்காங்க பாத்தியா?" என்று மனைவியிடம் பூரித்தார்.

"நாற்காலி இருக்கான்னு கேட்டீங்களா?" என்றாள் அவள்.

லைப்ரரியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "என் ரூமு என்னுதுதான்னு சொல்ல நானே போகணுமாக்கும்" என்று முனகியபடி பஸ் ஏறினார்.

*

விடுதியின் வரவேற்புக் கூடத்தில் காலை வைத்ததும் ஒரு வாடை அடித்தது. மூலைக்கு மூலை ஒரு சின்னப் பெட்டி, புஸ் புஸ்ஸென்று எதையோ பீய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்டியின்மேல் 'கடல் காற்று' என்று எழுதியிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறிப்போன பழைய செருப்பின் வாடை. உண்மையான கடல் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. மனைவி அதைப் பார்த்த அதே நொடியில் ஒரு சிப்பந்தி வந்து திரையை இழுத்து மூடினான்.

"ஏன் தம்பி மூடறீங்க?"

"கடல் பார்வை விருந்தினர்களுக்கு மேடம். நீங்க இப்போதைக்கு வருகையாளர்."

வரவேற்புப் பெண் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து புன்னகையோடு நீட்டினாள். பின்னாலிருந்து யாரோ காதில் ஓத, அதே புன்னகையோடு திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். லைப்ரரியம்மா மட்டும் அதற்குள் பாதி குடித்திருந்தார். அந்தப் பாதி அவர் கணக்கில் எழுதப்பட்டது.

பாதுகாப்பு அதிகாரி வந்தார். கழுத்தில் ஓர் அடையாள அட்டை. அந்த அட்டை உண்மையானதுதான் என்று சான்று சொல்லும் இன்னோர் அட்டை சட்டைப்பையில்.

"வணக்கம். நீங்க பாதுகாப்பான கைகளுக்கு வந்திருக்கீங்க. இங்க எல்லாமே ஒரு விதியிலதான் நிக்குது. அந்நியர் விதி. உரிமையாளரும் வாடகைக்கு வர்றவரும் ஒருத்தருக்கொருத்தர் அந்நியரா இருக்கணும். தெரிஞ்சவங்ககிட்ட வாடகை வாங்கறது முறைகேடு."

"அந்நியர்தான் சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"சந்தோஷம். ஆனா அந்நியர்கிட்ட அறையைக் குடுக்கறது ஆபத்து. அதனால உரிமையாளருக்கு உங்க மேல பரிபூரண நம்பிக்கை இருக்கணும். ஆக, பழக்கம் இருக்கக் கூடாது, நம்பிக்கை இருக்கணும். இதை உருவாக்கினதுக்காக எனக்கு ஒரு கருத்தரங்குல கேடயம் குடுத்தாங்க."

"அப்போ இவங்க எனக்கு வேண்டியவங்கன்னே வெச்சுக்கோயேன்பா. இலவசமா தங்கட்டும்" என்றார் லைப்ரரியம்மா.

"உரிமையாளரோட நண்பர்கள் தாராளமா இலவசமா தங்கலாம்மா. ஆனா நட்புக்கு ஒரு வருஷம் பூர்த்தியாகியிருக்கணும். இல்லேன்னா யார் வேணா யாரை வேணா நண்பர்னு சொல்லிடுவாங்க."

"அந்நியரும் இல்ல, வருஷமும் ஆகலைன்னா?"

"அந்த நிலைமையில மனுஷங்க இருக்கக் கூடாதும்மா" என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

லிஃப்ட்காரருக்குத் தலை சுற்றினாலும் மனசுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டிருந்தது. இவ்வளவு பார்க்கிறார்கள் என்றால் உள்ளே காப்பாற்ற வேண்டிய ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

கண்ணாடித் தடுப்புக்குள் அவரைத் தனியாக உட்காரவைத்து நேர்காணல் நடந்தது.

"உரிமையாளருக்குப் பிடிச்ச நிறம் என்ன?"

"தெரியாதுங்க."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "பிடிச்ச நிறம்கூடத் தெரியாத ஒருத்தரை அவங்க எப்படி நம்பறாங்க? சரி. அவங்களை முதல்ல பாத்தப்போ என்ன தோணிச்சு?"

"பாக்கலை சார். நடுவுல கதவு இருந்துது. பேசிக்கிட்டோம், அவ்வளவுதான்."

"பிரமாதம்! முகமே பாக்காத வியாபாரம். பாடப் புத்தகத்துல போடலாம்." அதிகாரி குனிந்து மளமளவென்று எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல், "அவங்களுக்கு முட்டி வலி இருக்கில்ல, எந்த முட்டி?" என்றார்.

"இடது சார்."

பேனா நின்றது. அதிகாரி மெல்ல நிமிர்ந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவரின் முகத்தில் வரும் வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது.

"தெரிஞ்சிருக்கே!"

முடிவு தெரியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. காத்திருப்போர் கூடம் நிலத்தடியில் இருந்தது. முன்பு இஸ்திரி போடும் அறையாக இருந்ததாம். இப்போதும் போட்டார்கள். ஈரப் படுக்கை விரிப்புகளின் ஆவிக்கு நடுவே கட்டில்கள் கிடந்தன. படுத்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் புரண்டு புரண்டு வந்தது. மனைவி கண்களை மூடிக்கொண்டு, "அலை கேக்குதுங்க" என்று சிரித்தாள். அது துணி துவைக்கும் இயந்திரம் என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். இயந்திரங்களின் சத்தம் அவருக்குத் தெரியாமல் போகுமா? "ஆமா, அலைதான்" என்றார்.

*

மறுநாள் கட்டாய விழிப்புணர்வு வகுப்பு. மேலாளரே வந்து நடத்தினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைப் பல். திரையில் படம் படமாக ஓடியது. ஏமாந்த குடும்பம் ஒன்று மூட்டையோடு நடுத்தெருவில் அழுதது. ஏமாறாத குடும்பம் ஒன்று குளத்தோரம் குதித்தது. இரண்டு குடும்பங்களிலும் நடித்தவர்கள் ஒரே ஆட்கள்தான்.

"ஓர் அறையை உரிமையாளர்கிட்டருந்து வாடகைக்கு எடுக்கறதுல எத்தனையோ ஆபத்து இருக்கறதா வெளியில பேசிக்கறாங்க" என்று மேலாளர் கைகளை விரித்தார். "அதெல்லாம் வீண் பீதி. ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டோம். ஒரே ஒரு ஆபத்துதான் இருக்கு. உரிமையாளர்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லைப்ரரியம்மா கையைத் தூக்கினார்.

"ஏன்ப்பா, அவ்வளவு ஆபத்தானவன்னா எனக்கு எதுக்கு வித்தீங்க?"

"விக்கும்போது நீங்க வாடிக்கையாளர்மா. வாடிக்கையாளர் எங்களுக்குத் தெய்வம். கையெழுத்துப் போட்ட நிமிஷத்துலருந்துதான் சந்தேகத்துக்குரியவங்களா ஆனீங்க."

"வேண்டாம், எடுத்துக்கோன்னு திருப்பிக் குடுத்தா?"

"வாங்க மாட்டோம்மா. சந்தேகத்துக்குரியவங்ககிட்டருந்து எதையும் வாங்கறது பாதுகாப்பில்ல."

கைதட்டினார்கள். தட்டியவர்கள் சிப்பந்திகள். வகுப்பின் முடிவில் மேலாளர் லிஃப்ட்காரரின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஜன்னலோரம் அழைத்துப்போனார். அந்த ஜன்னலுக்கும் திரை போட்டிருந்தது.

"ஒரு உரிமையாளர்கிட்ட ஏமாறாம இருக்கறதுக்கு நூறு சதவீதம் பாதுகாப்பான வழி என்ன தெரியுமா?"

"சொல்லுங்க சார்."

"நீங்களே உரிமையாளர் ஆயிடறது. உங்களை நீங்களே ஏமாத்திக்க முடியாதில்ல? உங்க மனைவிக்கு ஒரு வாரம், உங்களுக்கு ஒரு வாரம், படுக்கையில இருக்கற அப்பாவுக்கும் ஒரு வாரம்."

"அப்பா எழுந்திருக்க மாட்டார் சார்."

"அருமை. அவர் வாரத்தை வாடகைக்கு விட்டுடலாமே! பாதுகாப்பா விடறதுக்கு நாங்க இருக்கோம்."

அந்தக் கை தோளில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் குழியில் செத்துக் கிடக்கும் எலியை எத்தனையோ தரம் கையால் எடுத்து எறிந்தவர் லிஃப்ட்காரர். இந்தக் கையை அப்படி எடுத்து எறிய முடியவில்லை.

*

அந்த இரண்டு நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் லைப்ரரியம்மா. நிலத்தடி ஈரத்தில் அவருடைய முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலை மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து தைலத்தை எடுத்தாள். மாமனாருக்குத் தேய்ப்பது. வரும்போது எதற்கென்று தெரியாமலே எடுத்துப் போட்டிருந்தாள்.

"வேணாம்மா. நீ ஓய்வெடுக்க வந்தவ" என்றார் லைப்ரரியம்மா.

"காலை நீட்டுங்க. சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்குது."

"உன் வீட்டுக்காரனைத் தேய்க்கச் சொல்லு."

"அவர் தேய்ச்சா கிரீஸ் போட்டுடுவார்."

லைப்ரரியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். மேலே, உத்தரத்தோடு உத்தரமாக இருந்த கேமராவும் அதைப் பார்த்தது.

அன்று மதியமே வரவேற்புக் கூடத்தில் விசாரணைக் குழு கூடியது. மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, உறுதிமொழி எடுத்துக்கொண்ட ஒரு சிப்பந்தி. சுவரில் படம் ஓடியது. தைலம், முட்டி, சிரிப்பு. சிரிப்பு வந்த இடத்தில் அதிகாரி படத்தை நிறுத்தினார்.

"அந்நியருக்கு யாராவது கால் பிடிப்பாங்களா?"

"வலிச்சுது, தேய்ச்சேன்" என்றாள் மனைவி.

"வலிச்சா தேய்க்கறதுதான் பழக்கம் மேடம். வலிச்சாலும் பேசாம உக்காந்திருக்கறதுதான் அந்நியம். எங்க ஊழியர்களைப் பாருங்க. இத்தனை நாள்ல ஒருத்தராவது அந்த அம்மா முட்டியத் தொட்டாங்களா?"

சிப்பந்தி பெருமையோடு தலையசைத்தான்.

"ஆனா நாங்க இரக்கமில்லாதவங்க கெடையாது" என்று மேலாளர் குறுக்கிட்டார். "விதியிலயே இடம் இருக்கு. நீங்க மறுபடியும் அந்நியர் ஆகலாம். நாளைக்கு ஒரு பகல் முழுக்க இதே கூடத்துல ரெண்டு தரப்பும் எதிரெதிர் மூலையில உக்காருங்க. பேச்சு, ஜாடை, சிரிப்பு எதுவும் கூடாது. பொழுது சாயும்போது சாவியை நானே என் கையால குடுக்கறேன்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் லைப்ரரியம்மாவைப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா, ஒரு பகல்தானே" என்றார் லைப்ரரியம்மா. "வாயை மூடிட்டு உக்கார எனக்குச் சொல்லித் தரணுமா? அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க."

*

நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாழைமரத்தை வைத்தார்கள். இந்த மூலையில் கணவனும் மனைவியும். அந்த மூலையில் லைப்ரரியம்மா. பாதுகாப்பு அதிகாரி வாழைமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு தாண்டிப் பார்வை போகிறதா என்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிகள் புஸ் புஸ்ஸென்று செருப்பு வாடையைப் பீய்ச்சின. மேசைமேல் ஒரு வெள்ளித் தட்டு. தட்டில் சாவி. மனைவி பகல் முழுக்க அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாடு லிஃப்ட்காரருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவளுடைய கை அவர் கையை நசுக்கிக்கொண்டிருந்தது.

வெயில் இறங்க ஆரம்பித்தபோது லைப்ரரியம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார்.

"கொஞ்சம் கை குடும்மா, பாத்ரூம் போகணும்" என்று வரவேற்புப் பெண்ணிடம் கேட்டார்.

அந்தப் பெண் புன்னகைத்தாள். "உரிமையாளரைத் தொட எனக்கு அனுமதி இல்லம்மா. மேல கேட்டுச் சொல்றேன்." மேலே போனாள். வரவில்லை.

லைப்ரரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். ஓர் அடி வைத்தார். இடது கால் மடங்கியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.  சேலை நனைந்துகொண்டிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேடம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி அவசரமாக, மனைவியைப் பார்த்து. "இன்னும் கொஞ்ச நேரம்தான். ரொம்ப நல்லா வந்திருக்கீங்க. திரையைக்கூடத் திறக்கச் சொல்லிட்டேன்."

சிப்பந்தி திரையை இழுத்தான். கடல் அத்தனை பெரிசாக வந்து கண்ணாடியில் நின்றது. அதன் முன்னால், மணலில், காலி நாற்காலி ஒன்று போட்டிருந்தது.

மனைவி நாற்காலியைப் பார்த்தாள். எழுந்தாள். வாழைமரம் வழியில் நின்றது. அதைக் காலால் தள்ளினாள்.

"என்னங்க, பாத்துட்டு நிக்கறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."

இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். லைப்ரரியம்மா, "பாவிப் பொண்ணே, இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? நான் இங்கயே கெடந்திருப்பேனே" என்று அழுதார்.

"அழுவாதீங்க. மாமா தினமும் பண்றதுதான். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட்காரர் வெளியே நின்றார். மேலாளர் வெள்ளைச் சட்டையில் மெல்ல நடந்து வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இந்த மனிதாபிமானம் இருக்கே, இதைத்தான் எங்க விடுதி உயர்த்திப் பிடிக்குது. கண்ணால பாத்துட்டேன். துரதிர்ஷ்டம் என்னன்னா, அதுக்கு அறை கெடையாது."

லிஃப்ட்காரர் மேலாளரின் பக்கம் ஓர் அடி வைத்தார். "சார், எங்க தொழில்லயும் சோதனை உண்டு. ஒவ்வொரு சோதனையும் எப்பவோ ஒருத்தன் செத்ததுனால வந்தது. அவன் செத்தான், அதனால நாங்க கயிறைப் பாக்கறோம். உங்க சோதனையெல்லாம் யாரு செத்ததுக்கு சார்?"

மேலாளர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி யோசித்தார்.

"நல்ல கருத்து" என்றார். "இதுவரைக்கும் யாரும் சாகலை. அப்படி யாராவது செத்தா விதி இன்னும் வலுவாகும்."

"வாடகையைத் திருப்பிக் குடுங்க. நாங்க போறோம்."

"வாடகை பாதுகாப்புக் கணக்குல இருக்கு சார். அதை வெளிய எடுத்தா அப்புறம் அதுக்கு என்ன பாதுகாப்பு?"

அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பாதுகாப்பு அதிகாரி பின்னாலேயே ஓடிவந்து ஒரு சான்றிதழைக் கையில் திணித்தார். பொன்னிற ஓரம் போட்டது. 'இவ்வாடகைப் பரிவர்த்தனையில் உரிமையாளரால் விருந்தினரோ, விருந்தினரால் உரிமையாளரோ ஏமாற்றப்படவில்லை' என்று அதில் இருந்தது. லைப்ரரியம்மா வாங்கிப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தின் அழுக்குப் பெஞ்சில் அதை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"மூணு நாள் இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் மனைவி மெதுவாக. "என்னங்க, நாம திரும்பிட்டோம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"வீட்ல கதவைச் சாத்திட்டு, ஜன்னலையும் சாத்திட்டு, தூங்கப் போறேன். யாராவது வந்து தட்டினா ஊர்ல இல்லைன்னு சொல்லணும்."

"நான் ஊர்ல இல்லைன்னா எப்படி நானே சொல்றது?"

"அது உங்க பாடு."

"ஏன் தம்பி, என் வீட்டுக்கு வந்து படுத்துக்கட்டுமே" என்றார் லைப்ரரியம்மா. "எங்க கட்டடத்துல யார் வந்து இவளைத் தேடப்போறா? கூப்பிட மாட்டேன். முட்டி கழண்டு விழுந்தாலும் கூப்பிட மாட்டேன், போதுமா?"

"கூப்பிடுவீங்க" என்றாள் மனைவி.

"கூப்பிடுவேன்தான்."

பேருந்து வந்தது. ஜன்னலோர இருக்கையை மனைவிக்கு விட்டார்கள். விடுதியின் மதிலைத் தாண்டியதும் சாலை கடலை ஒட்டியே வெகுதூரம் ஓடுகிறது. மதிலும் இல்லை, திரையும் இல்லை. நடுவில் மணல் மட்டும்தான். பொழுது சாய்ந்து வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்த நேரம். தண்ணீர் முழுக்க செம்பு உருக்கி ஊற்றினாற்போல் பளபளத்தது. லிஃப்ட்காரர் ஆவலோடு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் லைப்ரரியம்மாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். லைப்ரரியம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழுப்பவா என்று லிஃப்ட்காரர் ஜாடையாகக் கேட்டார். எழுப்பினால் கொன்றுவிடுவேன் என்று லைப்ரரியம்மா ஜாடையாகச் சொன்னார். கடல் முடிகிறவரை இரண்டு பேரும் மூச்சைக்கூட மெதுவாகவே விட்டார்கள்.

அறையில் அந்த வாரம் முழுவதும் மேலாளரின் மச்சான் குடும்பம் தங்கியிருந்தது.